தியார்பகிர் சுர்ப் கிராகோஸ்: கும்பிட ஆளில்லாத ஊரில் கோயிலை ஏன் திரும்பக் கட்டினார்கள்?

ஆற்காட்டார் (இழையைத் தொடங்கியவர்)

துருக்கியின் தென்கிழக்கே டைக்ரிஸ் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் தியார்பகிர். கருங்கல் கோட்டைச் சுவரும் அதன் கீழே விரியும் ஹெவ்ஸெல் தோட்டங்களும் 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. கோட்டைக்கு உள்ளே இருப்பது சூர் என்ற பழைய நகரம். அங்கே இருக்கிறது சுர்ப் கிராகோஸ், அதாவது புனித கிராகோஸ் ஆர்மீனியத் தேவாலயம். மத்தியக் கிழக்கிலேயே மிகப் பெரிய ஆர்மீனியக் கோயில் என்று இதைத்தான் சொல்வார்கள். பொதுவாக ஒரு பலிபீடம், மிஞ்சிப்போனால் மூன்று இருக்கும். இங்கே வரிசையாக ஏழு.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போலந்திலிருந்து யாத்திரை வந்த சிமியோன் என்ற ஆர்மீனியர் எழுதிவைத்த குறிப்பில் இந்தக் கோயில் வருகிறது. 1880வாக்கில் தீப்பிடித்து எரிந்தது. 1883இல் திரும்பக் கட்டினார்கள். 1913இல் மணிக்கூண்டில் இடி விழுந்தது. விட்டார்களா? 29 மீட்டர் உயரத்துக்குப் புதிதாக ஒன்றை எழுப்பினார்கள். அதன் ஆயுள் இரண்டே வருஷம். 1915இல் பீரங்கி வைத்துத் தகர்த்தார்கள். ஊரிலிருந்த மசூதி மினார்களைவிட அது உயரமாக நின்றதுதான் காரணம் என்று ஆர்மீனியர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

அதே வருஷம் அந்தக் கூண்டைக் கட்டிய சனத்துக்கு என்ன ஆனது என்பது இங்கே பலருக்கும் தெரியும். ஒட்டோமான் அரசின் ஆளுநர் ரஷீத் பே காலத்தில் தியார்பகிர் மாகாணத்தில் நடந்த படுகொலை, ஆர்மீனிய இனப்படுகொலை வரலாற்றிலேயே மிகக் கொடூரமான பக்கங்களில் ஒன்று.

கட்டடம் மட்டும் மிஞ்சியது. முதல் உலகப்போரில் ஜெர்மன் அதிகாரிகள் அதைத் தலைமையகமாக வைத்துக்கொண்டார்கள். அப்புறம் சூமர்பேங்க் என்ற அரசு நிறுவனத்தின் துணிக் கிடங்கானது. 1960களில்தான் சமூகத்தின் கைக்குத் திரும்பியது. 1990களில் கூரை விழுந்தது. 2009இல் வேலை தொடங்கி 2011 அக்டோபர் 22 அன்று திறந்தார்கள். நான்கே வருஷத்தில் மறுபடி சண்டை, மறுபடி சேதம். 2022 மே 7 அன்று மறுபடி திறப்பு.

இவ்வளவுக்கும், 2011இல் கதவைத் திறந்தபோது அந்த ஊரில் தன்னை ஆர்மீனியக் கிறிஸ்தவர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிறகு யாருக்காகக் கட்டினார்கள்? இதைப் பற்றித்தான் பேசலாம் என்று இழையைத் திறந்தேன்.

கல்தச்சன்

நல்ல இழை அண்ணா. நான் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கிற வேலையில இருக்கேன், அதனால அந்தப் பக்கத்துலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

ஆர்மீனியக் கோயில்னா நம்ம கண்ணுல வர்றது கூம்பு வச்ச குவிமாடம்தான். சுர்ப் கிராகோஸ்ல அது கிடையாது. தட்டையான மரக்கூரை. உள்ளே கறுத்த தூண்கள் வரிசை வரிசையா நிக்கும், தூணுக்குத் தூண் வளைவு. மேற்குப் பக்கம் மேலே பெண்களுக்கான மாடம். கல்லு பூரா பசால்ட், பக்கத்துல இருக்கிற கராஜாதா எரிமலை கக்கினது. உள்ளூர்க் கொத்தனார்கள் அதை ஆண் கல், பெண் கல்னு பிரிப்பாங்க. துளை இல்லாத இறுக்கமான கல்லு ஆண். துளை துளையா இருக்கிறது பெண். முற்றத்துல பாவுறதுக்குப் பெண் கல்லைத்தான் எடுப்பாங்க. சாயங்காலம் தண்ணி தெளிச்சா துளையில உறிஞ்சி வச்சுக்கிட்டு ராத்திரி முழுக்கக் குளுமை குடுக்கும். வெயில் காலத்துல 40 டிகிரியைத் தாண்டுற ஊரு, அந்தக் குளுமையோட அருமை அவங்களுக்குத்தான் தெரியும்.

இப்ப கூரைக்கு வர்றேன். அந்தப் பக்கத்துப் பழைய கட்டடங்கள்ல மர உத்திரம் போட்டு, அது மேல மண்ணைக் கொட்டிக் கெட்டிப்பாங்க. மழை பெஞ்சு ஓய்ஞ்சதும் மேல ஏறிக் கல் உருளையை உருட்டி மண்ணை இறுக்கணும். பனி விழுந்தா அன்னைக்கே வழிச்சுத் தள்ளணும். ரெண்டு குளிர்காலம் கவனிக்காம விட்டா ஈரம் இறங்கி உத்திரம் உளுத்துப் போகும். இந்த மாதிரிக் கூரை ஒவ்வொரு வருஷமும் யாராவது மேல ஏறுவாங்கங்கிற நம்பிக்கையில கட்டினது.

அந்தக் கூரை ஏன் 1990கள்ல விழுந்துச்சுன்னு இப்பப் புரியுதா? குண்டு போட்டு விழலை. ஊர்ல மிச்சமிருந்த ஆர்மீனியக் குடும்பங்கள் ஒவ்வொண்ணா இஸ்தான்புல்லுக்கும் வெளிநாட்டுக்கும் கிளம்பிப் போன காலம் அது. மேல ஏற ஆளில்லை.

வழிப்போக்கன்

எல்லாம் சரி. ஆனால் கல்தச்சன் சொன்னதையே எடுத்துக்கொள்வோம். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் விழுந்த கூரையை, ஆளில்லாத ஊரில் ஏன் திரும்பப் போட வேண்டும்? சுமார் 25 லட்சம் டாலர் செலவானதாகப் படித்தேன். வெளிநாட்டு ஆர்மீனியர்கள் அந்தப் பணத்தை வைத்துத் தங்கள் மொழிப் பள்ளிகள் எத்தனை நடத்தியிருக்கலாம்? சிதைவு அப்படியே நின்றிருந்தால் 1915க்கு அதுவே சாட்சி. வெள்ளையடித்து மணி கட்டிவிட்டால், வருகிற சுற்றுலாப் பயணி ‘ஆகா, இங்கே எல்லாரும் ஒற்றுமையாக இருக்கிறார்கள்’ என்று புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

சிதைந்த கட்டடம் பொய் சொல்லாது. பழுதுபார்த்த கட்டடம் சொல்லும்.

ஆற்காட்டார்

வழிப்போக்கன், அந்தக் கடைசி வரி எடுப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் துருக்கியின் சட்டத்தில் அது செல்லாது.

அங்கே சிறுபான்மையினரின் கோயில், பள்ளி, மயானம் எல்லாம் அறக்கட்டளைகளின் பெயரில்தான் இருக்கும். 1936இல் எல்லா அறக்கட்டளைகளும் தங்கள் சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும் என்றார்கள், கொடுத்தார்கள். 1974இல் உயர் நீதிமன்றம், அந்தப் பட்டியலில் இல்லாமல் பிறகு சேர்ந்த சொத்து எதுவும் செல்லாது என்றது. வாங்கியது, உயில் மூலம் வந்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போனது. இதைவிட மோசமான இன்னொரு விதி உண்டு. சமூகத்தில் ஆளே இல்லை, நிர்வாகக் குழுவே இல்லை என்றாகிவிட்டால், அந்த அறக்கட்டளையை அரசின் அறக்கட்டளைத் துறையே எடுத்துக்கொள்ளலாம்.

‘கும்பிட ஆளில்லை’ என்று நாம் இங்கே சாதாரணமாகப் பேசுகிறோம். அங்கே அதுதான் சொத்தைப் பறிக்கிற வழக்கின் முதல் வாதம். ஆளில்லை என்று சும்மா இருந்திருந்தால் சிதைவுகூட அவர்களுடையதாக இருந்திருக்காது. அதனால்தான் இஸ்தான்புல்லில் குடியேறிவிட்ட தியார்பகிர்க்காரர்கள் சேர்ந்து அறக்கட்டளைக்குக் குழு அமைத்தார்கள், பழைய பத்திரங்களைத் தேடினார்கள், அதற்குப் பிறகுதான் கல்லைத் தொட்டார்கள். 2011 ஆகஸ்ட்டில் பறித்த சொத்துகளைத் திருப்பித் தர வழிசெய்யும் அரசாணை வந்தபோது, கோரிக்கை வைக்க உயிரோடு ஓர் அறக்கட்டளை இருந்தது. பறிகொடுத்ததில் ஒரு பகுதி திரும்பியது.

வான் ஏரித் தீவிலுள்ள அக்தமார் தேவாலயத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதை அரசே பழுதுபார்த்து 2007இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. 2010 முதல் வருஷத்துக்கு ஒரு நாள் பூசைக்கு அனுமதி. மற்ற நாளெல்லாம் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போகணும். சுர்ப் கிராகோஸை யாரும் அப்படி ஆக்க முடியவில்லை. அது கோயிலாகவே திறந்தது, இஸ்தான்புல் ஆர்மீனியப் பேராயத்தின் கீழ்.

மலர்விழி

நான் 2014ல அங்க போயிருந்தேன். ஆளில்லாத கோயில்னு எல்லாரும் எழுதுறீங்க, நான் பார்த்தது வேற.

சூர்க்குள்ள தெரு ரொம்பக் குறுகல். நாலு கால் மேல நிக்கிற மினார் ஒண்ணு நடுத்தெருவுல இருக்கும், அதைத் தாண்டித்தான் போகணும். கோயில் கதவு தெருவுல பார்த்தா சாதாரணமா இருக்கும், உள்ளே நுழைஞ்சதும் முற்றம் திடீர்னு விரியும். அங்க மேசை போட்டு டீ குடிச்சுக்கிட்டு ஒரு கூட்டமே உக்காந்திருந்துச்சு. பக்கத்துத் தெருக் குர்து பசங்க, யாரோ வெளிநாட்டுக்காரங்க. அறுபது வயசிருக்கும், தலையில முக்காடு போட்ட ஒரு அம்மா பலிபீடத்துக்குக் கிட்ட வந்து நின்னாங்க. சிலுவை போடலை, மெழுகுவத்தி மட்டும் ஏத்துனாங்க. எனக்கு வழிகாட்டியா வந்தவர் மெதுவாச் சொன்னார்: அவங்க பாட்டி ஆர்மீனியன்.

இந்தப் பாட்டி கதைதான் விஷயமே. 1915ல தப்பிச்ச குழந்தைகளை, பெண்களைக் குர்து, துருக்கி வீடுகள்ல எடுத்து வளர்த்தாங்க, இல்லேன்னா கட்டிக்கிட்டாங்க. பேரு மாறி, மதம் மாறி, ரெண்டு தலைமுறை வாயைத் திறக்கலை. கோயில் திறந்ததும் இந்தப் பேரப்பிள்ளைங்க ஒவ்வொருத்தரா வர ஆரம்பிச்சாங்க. சிலர் ஞானஸ்நானம் வாங்கினாங்க. சிலர் முஸ்லிமாவே இருந்துக்கிட்டு ஆர்மீனிய மொழி வகுப்புக்கு வந்தாங்க. யாரும் யாரையும் ‘நீ இதா அதா’ன்னு கேக்கலை.

வழிப்போக்கன் அண்ணா, ஆள் இருந்ததால கோயில் கட்டலை. கோயில் கட்டினதாலதான் ஆள் வெளியே வந்துச்சு. இடிஞ்ச சுவரைத் தேடி அந்த அம்மா வந்திருப்பாங்களா?

வழிப்போக்கன்

மலர்விழி, அந்த அம்மா கதைக்கு என்னிடம் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை தியார்பகிர் நகராட்சி கொடுத்தது. நகராட்சி குர்துக் கட்சியின் கையில் இருந்தது. 1915இல் அந்தப் பகுதியில் கொலை செய்ததிலும் வீடு நிலம் பிடித்ததிலும் குர்துக் குழுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பேரன் காசு கொடுத்தால் தாத்தா கணக்கு தீர்ந்துவிடுமா? அங்காரா அரசுக்கு எதிரான அரசியலில் ஆர்மீனியர்களை ஒரு சாட்சியாக நிறுத்திக்கொண்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

வன்னிக்காற்று

அரசியல் இல்லாமல் ஒருத்தரும் கல்லு வைக்கிறேல்லை. அதை விடுங்கோ. என்ன செய்தவை எண்டு பாப்பம்.

சூர் நகராட்சித் தலைவராக இருந்த அப்துல்லா தெமிர்பாஷை 2007இல் பதவியால தூக்கினவை. குற்றம் என்ன தெரியுமோ? நகராட்சிச் சேவையைத் துருக்கி மொழியோட குர்து, ஆர்மீனியம், சிரியாக் எண்டு பல மொழியிலை குடுத்தது. 2009இல் சனம் அவரைத் திருப்பித் தெரிவு செய்தது. தேவாலய வேலைக்கு நகராட்சி காசு குடுத்தது அதுக்குப் பிறகுதான். 1915இல் குர்துகளும் கொலையில பங்கெடுத்தவை எண்டு பகிரங்கமாச் சொல்லி மன்னிப்புக் கேட்ட தலைவர்களில இவரும் ஒராள். வோட்டுக்காக எண்டால் ஆர்மீனியர் வோட்டு அங்கை எத்தனை? ஒரு தெருவுக்கும் காணாது.

கணக்குத் தீர்ந்ததெண்டு நானும் சொல்லேல்லை. ஆனால் தாத்தா செய்ததை ஒத்துக்கொண்டு காசு குடுக்கிற பேரனையும், அப்பிடி ஒண்டு நடக்கவே இல்லை எண்டு நிக்கிற அரசையும் ஒரே தட்டிலை வைக்கக் கூடாது.

கல்தச்சன்

வன்னிக்காற்று சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். மணிக்கூண்டை மறக்காதீங்க. 2012ல அதே இடத்துல திரும்ப எழுப்பி, ரஷ்யாவுல வார்த்த மணியைத் தொங்கவிட்டு அடிச்சாங்க. 1915க்கு அப்புறம் அங்க முதல் தடவையா மணிச் சத்தம். உயரமா இருந்துச்சுன்னு எதை இடிச்சாங்களோ அதையே ஊர் பார்க்க ஏத்தினது சின்ன விஷயம் இல்லை. 2015ல, ஐரோப்பாவுல பழைய கட்டடங்களைக் காக்கிற யூரோப்பா நோஸ்ட்ரா அமைப்போட பாதுகாப்பு விருதும் இந்த வேலைக்குக் கிடைச்சது.

சிவகங்கைச் சீமான்

இதைப் படிக்கும்போது எங்க ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துல நடந்த தகராறுதான் ஞாபகம் வருது. அறநிலையத்துறை

நெறியாளர்

சிவகங்கையார் பதிவின் மீதியை அறநிலையத்துறை இழைக்கு மாற்றியிருக்கிறேன். ஏற்கெனவே அது 40 பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே போய்ச் சண்டை போடுங்கள். இங்கே தியார்பகிர் மட்டும்.

ஆற்காட்டார்

நன்றி நெறியாளரே. 2015க்கு வருவோம். வலி மிகுந்த பகுதி, கொஞ்சம் நீளும்.

அந்த வருஷம் அரசுக்கும் குர்து ஆயுதக் குழுவுக்கும் நடந்துவந்த சமாதானப் பேச்சு முறிந்தது. சூர் தெருக்களில் இளைஞர்கள் பதுங்குகுழி வெட்டினார்கள், படை உள்ளே வந்தது. நவம்பர் 28 அன்று தியார்பகிர் வழக்கறிஞர் சங்கத் தலைவர் தாஹிர் எல்ச்சி, மலர்விழி சொன்னாரே அந்த நாலு கால் மினார், அதன் அடியில் நின்று ‘இந்தப் பழம்பெரும் இடத்தில் ஆயுதம் வேண்டாம்’ என்று பேட்டி கொடுத்தார். மினாரின் கால்களில் தோட்டாத் தடம் பதிந்திருந்தது, அதைக் காட்டத்தான் வந்திருந்தார். அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

டிசம்பர் 2 முதல் முழு ஊரடங்கு. 2016 மார்ச் வரை சண்டை. சுர்ப் கிராகோஸ் அதன் நடுவில் மாட்டிக்கொண்டது. தூண்கள் நின்றன. ஆனால் உள்ளே பலிபீடங்கள் சிதைந்தன, பொருள்கள் போயின, சுவரில் ஓட்டைகள் விழுந்தன.

சண்டை ஓய்ந்த அதே மாதம் இன்னொரு அடி. சூரில் 6,000க்கும் மேற்பட்ட மனைகளை ‘அவசரக் கையகப்படுத்தல்’ என்று அமைச்சரவை எடுத்துக்கொண்டது. கோயிலும் அதில் அடக்கம். ஆர்மீனியக் கத்தோலிக்கர், கல்தேயர், சிரியாக் சபை, புராட்டஸ்டன்ட் கோயில்கள் எல்லாமே. பத்து வருஷம் பத்திரம் தேடி, சட்டப்படி தங்களுடையது என்று நிலைநாட்டிய கட்டடத்தை ஒரே அரசிதழ் அறிவிப்பில் இழந்தார்கள். அறக்கட்டளை வழக்குப் போட்டது. 2017இல் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் கோயிலைப் பொறுத்தவரை அந்த முடிவை நிறுத்திவைத்தது. அதற்குப் பிறகு பழுதுபார்த்தது அரசுதான்.

மலர்விழி

அப்போ பிரதமரா இருந்த தாவுதொலு, சூரை ஸ்பெயினோட டொலிடோ மாதிரிக் கட்டித் தர்றோம்னு சொன்னாரு. வீடு போன சனம் டொலிடோ கேக்கலை, தன் தெருவைக் கேட்டுச்சு.

2022க்கு அப்புறம் எடுத்த படங்கள்ல பாருங்க. கோயில் பளிச்சுன்னு நிக்குது. அதைச் சுத்தி நான் நடந்த தெரு எதுவும் இல்லை. இடிச்சுத் தள்ளிட்டு அகலமா பாதை போட்டு, கருங்கல் பூசின மாதிரி புது வீடுங்க ஒரே அச்சுல. முற்றத்துல டீ குடிச்ச பசங்க வீடெல்லாம் அந்தப் பக்கம்தான் இருந்துச்சு.

வழிப்போக்கன்

பார்த்தீர்களா, நான் தொடக்கத்தில் பயந்தது இதைத்தான். 2022 மே திறப்புவிழாவில் பேராயர் சஹாக் மஷாலியனும் இருந்தார், பண்பாட்டு அமைச்சரும் இருந்தார். கேமராவுக்கு முன்னால் நல்லிணக்கம். பின்னால் காலி மனை.

ஆற்காட்டார்

2022ஐப் பொறுத்தவரை உங்கள் பக்கம்தான் நானும். ஆனால் 2011ஐ அதோடு சேர்த்துக் கட்டாதீர்கள். இரண்டு வேலையிலும் கல் ஒன்று, வரைபடம் ஒன்று, திறப்பன்று பாடிய பாட்டும் ஒன்றுதான். முதல் தடவை என்ன செய்வது என்று முடிவெடுத்தவர்கள் ஆர்மீனியர்கள். டொரான்டோவில் இருக்கும் ராஃபி பெத்ரோஸ்யான் என்ற பொறியாளர் வெளிநாட்டு ஆர்மீனியரிடம் நன்கொடை திரட்டினார். அவர் பியானோக் கலைஞரும்கூட, 2012இல் அதே கோயிலுக்குள் கச்சேரி செய்தார். குர்துக் கட்சியின் கையிலிருந்த நகராட்சி பங்கு போட்டது. இரண்டாம் தடவை அறக்கட்டளை வாங்கிக்கொள்கிற இடத்தில் நின்றது, அவ்வளவுதான். சேதம் செய்த சண்டையில் ஒரு தரப்பே பழுதும் பார்த்துத் தந்தது.

அதற்காக வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டுமா? நான் அந்தக் குழுவில் இருந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். பூட்டிக் கிடக்கிற கோயிலின் பத்திரம் எவ்வளவு நாள் தாங்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

கல்தச்சன்

வழிப்போக்கன் சிதைவே சாட்சின்னு சொன்னாரே, அதுக்கும் அதே ஊர்ல உதாரணம் இருக்கு. சூர்ல சுர்ப் சர்கிஸ்னு இன்னொரு ஆர்மீனியக் கோயில். போலந்து சிமியோன் குறிப்புல அதுவும் வருது. கூரை போய், சுவர் மட்டும் மிஞ்சி ரொம்ப வருஷம் அப்படியே நின்னுச்சு. அது சாட்சி சொல்லி யாராவது கேட்டாங்களா? கல்லை உருவிட்டுப் போனதுதான் மிச்சம்.

வன்னிக்காற்று

சென்னையிலை ஆர்மீனியன் தெருவில ஒரு தேவாலயம் இருக்கெல்லோ, 1772இல் கட்டினது. அங்கையும் இப்ப ஆர்மீனியச் சனம் இல்லை. பராமரிப்பு கல்கத்தா ஆர்மீனியச் சபையின்ரை பொறுப்பு. ஞாயிறு காலையில மணி மட்டும் அடிக்கிறவை. உலகத்தின்ரை முதல் ஆர்மீனியப் பத்திரிகை 1794இல் அந்த ஊரிலைதான் வந்தது. ஆனால் சென்னை ஆர்மீனியர் வியாபாரத்துக்கு வந்தவை, வியாபாரம் குறையப் போட்டினம். அவையை ஒருத்தரும் துரத்தேல்லை. ‘ஆளில்லாத கோயில்’ எண்டு ரெண்டையும் ஒரே பேரிலை எழுதக்கூடாது எண்டதுக்காகச் சொல்லுறன்.

தூரதேசி

இழை முழுக்க ஒரே மூச்சில் படித்தேன். நான் அடுத்த இளவேனிலில் கிழக்குத் துருக்கி போகிறேன். சுர்ப் கிராகோஸில் ஞாயிறு பூசை பார்க்க முடியுமா? மர்கோஸ்யான் என்ற எழுத்தாளர் பிறந்த தெருவும் அங்கேதான் என்று கேள்விப்பட்டேன்.

ஆற்காட்டார்

மெகர்திச் மர்கோஸ்யான், ஆமாம். 1938இல் அந்த ஊரின் காவூர் மஹல்லெசியில் பிறந்தவர், ‘காஃபிர்கள் தெரு’ என்று மற்றவர்கள் வைத்த பெயர். ஆர்மீனியத்திலும் துருக்கியிலும் அந்தத் தெருவைப் பற்றி எழுதியவர். 2022 ஏப்ரலில் இறந்தார், திறப்புக்கு ஒரு மாதம் முன்பு. தெருவைத் தேடிப் போகாதீர்கள், மலர்விழி சொன்னது போல அந்தப் பக்கத்தில் பெரும்பகுதி இப்போது புது வீடுகள்.

பூசை வாராவாரம் கிடையாது. ஊரில் நிரந்தரக் குருவானவர் இல்லை, பண்டிகைக்கும் ஞானஸ்நானத்துக்கும் இஸ்தான்புல்லிலிருந்து வருவார்கள். ஈஸ்டரை ஒட்டிப் போனால் வாய்ப்பு அதிகம், கிளம்புவதற்கு முன் பேராயத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். அப்படியே சுர்ப் சர்கிஸ் பக்கம் போனால் இப்போது என்ன நிலைமை என்று படம் எடுத்து வந்து இங்கே போடுங்கள், கல்தச்சன் காத்திருப்பார்.

கல்தச்சன்

சுவரோட உள்பக்கத்தையும் எடுங்க. மூலையில தண்ணி இறங்கியிருக்கான்னு பார்க்கணும்.